பல்லுக்குக் கொடுத்த ஆறு கரண்டி

போன மாதம் ரிஸ்னா ஃபோன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த மருந்தாளர் அவள்.

"மிஸ், இந்தத் தண்ணி இழுத்துக் காட்டுற வழக்கத்த ஆரு கொண்டுவந்த? வரிசை நீளுதாம், நிப்பாட்டினா என்னண்டு மேல இருந்து கேக்குறாங்க. நான் என்னண்டு பதில் எழுதுற?"

எங்கள் வைத்தியசாலையில் கைக்குழந்தைக்குப் பாணி மருந்து வாங்க வரும் தாய், மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் நின்று, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சால் வெறும் தண்ணீரை இழுத்துக் காட்டவேண்டும். வீட்டில் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறாளோ அவ்வளவு. சரியாக இழுத்த பிறகுதான் போத்தல் அவள் கைக்குப் போகும். ஒரு தாய்க்கு ஒரு நிமிடம், சில வேளை இரண்டு நிமிடம் பிடிக்கும். திங்கட்கிழமைகளில் வரிசை வாசலைத் தாண்டிவிடும் என்பதும் உண்மைதான்.

ஃபோனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ரிஸ்னாவுக்கு மட்டும் அல்ல, அவளுக்குப் பிறகு அந்த யன்னலில் நிற்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்க்காரி. மருந்தாளர் படிப்பு முடித்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் ஆட்களோடு நானும் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தேன். தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு முகாம் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தேன். பிறகு திரும்ப அரசாங்க வேலை கிடைத்தது. இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் கற்பிட்டிப் பக்கத்தில் கடலோரத்துச் சின்ன வைத்தியசாலை ஒன்றுக்கு வந்தேன். எங்கள் முஸ்லிம் சனம், கடல் தொழில் செய்யும் கத்தோலிக்கச் சனம், சிங்களச் சனம் என்று எல்லாரும் வருகிற இடம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அந்தக் காலத்தில் பாணி மருந்து பெரிய கலனில்தான் வரும். தாய்மார் வீட்டிலிருந்து போத்தல் கொண்டு வருவார்கள். கழுவிய பழைய மருந்துப் போத்தல், சோஸ் போத்தல், ஒருமுறை ஒரு தாய் சென்ட் போத்தல்கூடக் கொண்டுவந்தாள். நான் ஊற்றி, மூடி, சின்னக் கடுதாசித் துண்டில் மருந்தின் பெயரும் அளவும் எழுதி ஒட்டிக் கொடுப்பேன். என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள். தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தது போல எழுதுவேன். லேபலைத் தெளிவாக எழுதி ஒட்டிவிட்டால் என் கடமை முடிந்தது என்று இருபது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் நிலந்தி எங்களுக்குப் பொறுப்பதிகாரியாக வந்தபோது எனக்கு ஐம்பது கிட்ட. அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். வரும்போது பத்துத் தமிழ்ச் சொல் தெரிந்திருந்தால் பெரிய காரியம். ஒரு வருடத்தில் நோயாளிகளிடமே படித்துவிட்டார். முதலில் படித்தது அம்மாவை உம்மா என்கிற எங்கள் ஆட்களின் தமிழ் என்பதால், சிலுவை போட்ட தாய்மாரையும் "உம்மா" என்றே கூப்பிடுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே "ஓம் டொக்டர்" என்பார்கள். யாரும் திருத்தவில்லை.

அவருடைய தமிழில் அதிகம் வந்து விழும் சொல் "காட்டுங்க" என்பதுதான். புள்ள இருமுது என்றால் "எப்பிடி இருமுற? காட்டுங்க." பால் குடிக்கிறானில்லை என்றால் "இப்ப குடுங்க, காட்டுங்க." சொல்லுவதைக் கேட்பார், ஆனால் கண்ணால் பார்க்காமல் மருந்துத் துண்டில் பேனையை வைக்கமாட்டார்.

பல் முளைக்கும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய வரும். வேறு சில டொக்டர்மார், "பல்லுத்தானே, அழட்டும், முளைச்சாச் சரியாகும்" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். டொக்டர் நிலந்தி அப்படிச் சொல்லமாட்டார். "எங்களுக்குப் பல்லு நொந்தா நாங்க சும்மா இரிக்கிறதா? புள்ளைக்கும் நோவு நோவுதான்" என்பார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுண்டு விரலைப் பிள்ளையின் பல் முளைக்கிற முரசு நெடுக மெல்ல ஓட்டுவார். வீங்கின இடத்தில் விரல் பட்டதும் பிள்ளை கடிக்கும். "ஆ, இங்க" என்று அவரும் சேர்ந்து முகத்தைச் சுளிப்பார். சுத்தமான துணியை நனைத்துக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுக்கச் சொல்வார். கடையில் விற்கும் மரத்துப்போகிற பூச்சு வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், சாராயம் தொட்டுத் தடவுகிற கதையே இருக்கக் கூடாது. இதெல்லாம் செய்தும் பிள்ளை பால் குடிக்காமல், நித்திரை கொள்ளாமல் அழுதால், அப்போது பரசிட்டமோல். அதுவும் வயதைக் கேட்டு இல்லை. தராசில் வைத்து நிறுத்து, அந்த நிறைக்குக் கணக்குப் பார்த்து எழுதுவார். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஒருமுறை பாலாவியிலிருந்து ஒரு தகப்பன் பதினொரு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூற்றியிரண்டு காய்ச்சல். "பல்லுக் காய்ச்சல், டொக்டர். ஒரு பாணி தந்தாக் காணும், லொறிய ரோட்டில விட்டுட்டு வந்திரிக்கன்" என்று அவசரப்பட்டார். டொக்டர் வாயைப் பார்த்தார். கீழ் முரசில் பல் வெட்டிக்கொண்டுதான் இருந்தது.

"பல்லும் இரிக்கி. காய்ச்சலும் இரிக்கி. ஆனா ரெண்டும் சொந்தக்காரங்க இல்ல" என்றார் டொக்டர்.

பல் முளைக்கும்போது எச்சில் வடியும், முரசு வீங்கும், உடம்பு சற்றுச் சுடும். நூறைத் தாண்டி நின்று எரிக்கிற காய்ச்சல் பல்லால் வராது என்பது அவருடைய பிடிவாதம். பிள்ளையின் சிறுநீரைப் பிடித்துப் பார்த்தபோது கிருமி இருந்தது. அந்த லொறிக்காரர் அதற்குப் பிறகு யாராவது "பல்லுக் காய்ச்சல்" என்றால் அவரே டொக்டராகி விளக்கம் சொல்வார்.

இப்போது ஜெசிந்தாவின் கதைக்கு வருகிறேன்.

கோயில் திருநாள் முடிந்த மறுநாள், ஒரு திங்கட்கிழமை. காலை பத்தரை இருக்கும். ஜெசிந்தா நேரே மருந்து யன்னலுக்கு வந்தாள். கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்து மருமகள், இருபத்திரண்டு வயது. புருஷன் வில்சன் பல நாள் கடலில் நின்று மீன் பிடிக்கும் போட்டில் போயிருந்தான். இடுப்பில் பத்து மாத மகள் ஷெரோன். பின்னால் மாமியார். டொக்டரைப் பார்க்க நம்பர்த் துண்டு எடுத்திருக்கவில்லை.

"மிஸ், இதே மாதிரி மருந்து இரிக்கா? முடிஞ்சிட்டு" என்று சின்ன மண்ணிறப் போத்தல் ஒன்றை நீட்டினாள்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து இத்தாலி எழுத்து. எங்கள் கரையில் பாதி வீட்டில் ஒருவராவது இத்தாலியில் இருப்பார்கள்; திருநாளுக்கு ஊருக்கு வந்த மதினி கொண்டு வந்தது என்றாள். பரசிட்டமோலின் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தது, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூட. அதன் கீழே அளவு இருந்தது. ஒரு மில்லிலீற்றரில் நூறு மில்லிகிராம்.

நாங்கள் கொடுக்கும் பாணியில் ஐந்து மில்லிக்கே நூற்றியிருபதுதான். இது சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டிய மருந்து. நாலு மடங்குக்கு மேல் கடுமை.

"எப்ப திறந்த புள்ள, இந்தப் போத்தல?"

"சனிக்கிழம பின்னேரம் மிஸ். பல்லுக்கு ஒரே அழுகை. வீடு நிறையச் சனம்."

பதினைந்து மில்லிப் போத்தல். ஒழுங்காகக் கொடுத்தால் மூன்று நாலு நாளுக்காவது வந்திருக்கும்.

"என்னத்தால அளந்து குடுத்த?"

"தேக்கரண்டியால. அந்தச் சொட்டு விடுற மூடி சரியா மெதுவா வந்திச்சு, அதக் கழட்டிட்டன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "நீங்க எழுதித் தந்த மாதிரித்தான் மிஸ் குடுத்தன். ஊசி போட்ட நேரம் தந்தீங்களே. ஒரு தேக்கரண்டி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. மதினி சொன்னா அதே மருந்துதான் எண்டு. அதே மருந்தெண்டா அதே அளவுதானே?"

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் கொடுக்க டொக்டர் எழுதி, நான் ஊற்றி, நான் லேபல் ஒட்டிய பாணி. அந்த அழகான கையெழுத்து. அதை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் மனதில் வைத்திருந்தாள். ஒவ்வொரு கரண்டியிலும் ஒரு பெரிய ஆள் விழுங்கும் முழு வில்லையளவு மருந்து பிள்ளைக்குள் போயிருந்தது.

யன்னலைச் சாத்திவிட்டு டொக்டரின் அறைக்கு ஓடினேன். உள்ளே ஒரு நோயாளி இருந்தார். போத்தலை மேசையில் வைத்தேன். டொக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழும்பினார்.

மருந்தறைக்குள் ஜெசிந்தாவைக் கதிரையில் இருத்தினார். தான் ஒரு பலகைப் பெட்டியில், அவளைவிடத் தாழ்வாக இருந்துகொண்டார். குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உம்மா, எப்பிடிக் குடுத்த? காட்டுங்க."

ஒரு கோப்பைத் தண்ணீரும் தேக்கரண்டியும் கொடுத்தோம். ஜெசிந்தா கரண்டியை முட்டக் கோலி எடுத்தாள். டொக்டர் அதைச் சிந்தாமல் வாங்கி, சிரிஞ்சால் முழுவதையும் உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்து மில்லி. என்னிடமும் காட்டினார். நானும் "அஞ்சு" என்றேன்.

"எத்தின தரம்?"

ஜெசிந்தா மாமியாரைப் பார்த்தாள். "மூண்டு தரம், டொக்டர்."

பிள்ளையை நிறுத்தோம். எட்டரைக் கிலோ. காலையில் இரண்டு தரம் குடித்த பாலையெல்லாம் சத்தி எடுத்ததாம், அதுவும் பல்லுக்கு என்று நினைத்தார்களாம். ஆனால் ஷெரோனைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டொக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் சொன்னார்: "புள்ள சிரிக்குது பாருங்க. பல்லுக்குச் சத்தி எடுக்கிறது எல்லாப் புள்ளைக்கும் வாறதுதானே. நாங்க வீட்ட போறம்."

"அம்மா, இந்த மருந்து கூடினா ஈரலத்தான் பிடிக்கும். ஈரலுக்கு நோகிறது இப்ப முகத்தில தெரியாது. தெரியுற நேரம் பிந்திடும்" என்றார் டொக்டர்.

கொழும்பில் நஞ்சு விஷயம் கேட்டால் சொல்லும் இடத்துக்கு ஃபோன் எடுத்தார். மூன்று கரண்டி, எட்டரைக் கிலோ, ஒன்றரை நாளுக்கு மேல். அந்தப் பக்கம் சொன்னதை ஒரு கடுதாசியில் எழுதிக்கொண்டே வந்தார். வைத்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: மூன்று என்றால் விளிம்பில் இருக்கிறது, இரத்தம் எடுத்துப் பார்த்து, அந்த முடிவு வந்த பிறகுதான் முறிமருந்தா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். அதற்குள் பின்னேரம் ஆகலாம்.

பிறகு அவர் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மாமியாரிடம் திரும்பி, "அம்மா, புள்ளைய எப்பிடியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது. நீங்க வீட்ட போய் புள்ளட உடுப்பு, கிளினிக் கொப்பி எல்லாம் எடுத்து வாங்க. எங்கட ஆள் ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல கூட்டிப் போவாரு" என்றார். மாமியார் போனதும் கதவைச் சாத்தினார். திரும்பவும் அந்தப் பெட்டியில் வந்து இருந்தார்.

"ஜெசிந்தா." முதன்முறையாகப் பெயரைச் சொன்னார். "நான் பொலிஸ் இல்ல. ஏசுறதுக்கும் வரல்ல. எனக்கு ஒரு கணக்கு மட்டும் வேணும். சரியான கணக்கு."

ஜெசிந்தா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே வரிசையில் யாரோ யன்னலைத் தட்டினார்கள். நான் அசையவில்லை. டொக்டரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குள் ஒவ்வொரு நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு" என்றாள் ஜெசிந்தா. "பொய் சொல்லிட்டன் டொக்டர். ஆறு தரம். மதினி ரெண்டு போத்தல் கொண்டு வந்தா. ஒண்டு எனக்கு. மத்தது மாமிட மகளிட புள்ளைக்கு, மாமி அலுமாரிக்குள்ள வச்சிருந்தா. முதல் போத்தல் முடிஞ்சதும் கேக்காம எடுத்திட்டன். வந்த சனத்துக்கு முன்னால புள்ளைய அழ விடாத எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. கள்ளி எண்டு நினைப்பாங்களே எண்டுதான்..." அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலும் விரலை மடக்கி மடக்கி ஆறு நேரத்தையும் சொன்னாள். சனி பின்னேரம் தேர் புறப்பட முந்தி. சனி இரவு படுக்கும்போது. ஞாயிறு விடிய. மத்தியானம் விருந்துக்குச் சனம் வந்த நேரம். ஞாயிறு பின்னேரம். இன்றைக்கு விடிய. பின்னொரு நாள் பெரிய டொக்டர் ஒருவர் சொன்னார், இவ்வளவு தெளிவான கணக்கை ஒரு தாய் கொடுத்து நான் கண்டதில்லை என்று.

டொக்டர் ஆறையும் எழுதினார். எழுதி முடித்து அவள் கையைப் பிடித்தார். "நல்ல வேல செஞ்சீங்க உம்மா" என்றார். அவ்வளவுதான். அறிவுரை ஒரு சொல் இல்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் நடந்தது. ஆறு என்றால் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, போய்ச் சேர்ந்ததும் முறிமருந்து தொடங்கலாம் என்று கொழும்பில் சொன்னார்கள். டொக்டர் புத்தளத்துப் பெரிய வைத்தியசாலைப் பிள்ளைகள் வார்ட்டுக்கு ஃபோன் எடுத்து, மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்டு, "கண்ணால பாத்திட்டுச் சொல்லுங்க" என்று தாதியை அலுமாரி வரை போக வைத்து உறுதிப்படுத்தினார். எங்களிடம் அந்த மருந்து இல்லை. இல்லை என்று தெரிந்தும் நான் எங்கள் அலுமாரிகள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்தேன். மாமியார் உடுப்புப் பையோடு திரும்பி வரும்போது அம்புலன்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏறுவதற்கு முன் ஜெசிந்தா மாமியாரிடம் தானே சொன்னாள். எல்லாரும் நின்ற இடத்தில்தான் சொன்னாள். "மாமி, அலுமாரியில இருந்த போத்தலயும் நான்தான் எடுத்தன்."

மாமியார் உடுப்புப் பையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "புள்ளைக்குத்தானே எடுத்த. அதச் சொல்லவா என்னக் கண்டு பயந்த?" என்றார். பையை முன்னால் எறிந்துவிட்டு அவரும் அம்புலன்ஸில் ஏறினார்.

நான் யன்னலைத் திறந்து திரும்ப மருந்து ஊற்றத் தொடங்கினேன். இரண்டு போத்தலில் மருந்து வெளியே வழிந்தது. லேபல் எழுத வரவில்லை. மத்தியானம் வரிசை ஓய்ந்ததும் டொக்டரிடம் போனேன். பேசாமல் இருந்திருக்கலாம், யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அந்த இளம் பெண் அத்தனை பேருக்கு முன்னால் நின்று சொன்ன பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"டொக்டர், அவ படிச்சது என்ட லேபல். மருந்துட கடுமை அதில இல்ல. ஒரு தேக்கரண்டி எண்டு மட்டும்தான் எழுதின. வேற போத்தலுக்கு இந்த அளவு பொருந்தாது எண்டு நான் ஒரு வார்த்த சொல்லயும் இல்ல."

அவர் சற்று யோசித்தார். "நீங்க எழுதினது சரி, ஃபரீதா மிஸ். ஆனா போதாது" என்றார். பிறகு, "நான் எழுதின துண்டிலயும் அதுதான் இரிந்திச்சு. அதுவும் போதாது." அன்றைக்கு அனுப்பிய அறிக்கையில் அதை அப்படியே எழுதினார். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் உப்பு லொறிகள் அடைத்துக்கொண்டு நின்றன; பஸ் நகர்கிற மாதிரித் தெரியவில்லை. மிச்ச வழியை ஓட்டோவில் போய்ச் சேர்ந்தேன். ஷெரோனின் கையில் ஊசி, மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பு இல்லை. கண் வெள்ளை இலேசாக மஞ்சளித்திருந்தது. ஈரல் பரிசோதனை எண்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தன, அன்றைக்கு எல்லாவற்றிலும் மோசம். ஜெசிந்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாகப் படுக்கவில்லை என்று தாதி சொன்னார். மாமியார் விறாந்தையில் செபமாலையோடு இருந்தார். "அந்த மருந்து உடைக்கிற நேரம் கூழ்முட்டை நாத்தம், மிஸ். நாறினாலும் பரவால்ல, வேல செஞ்சாக் காணும்" என்றார். போட்டுக்கு ரேடியோவில் செய்தி சொல்லி வில்சன் கரைக்கு வந்துகொண்டிருந்தான்.

நான் ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் நின்றேன். லேபலைப் பற்றி அவளிடமும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "உங்கட எழுத்து வடிவா இரிந்திச்சு மிஸ், அதான் மனசில நிண்டிச்சு" என்றாள். ஏச்சாக அல்ல, உண்மையாகவே சொன்னாள். அந்தச் சொல் எந்த ஏச்சையும்விட என்னைத் தைத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் டொக்டர் மருந்தறைக்குள் வந்தார். ஃபோனை இன்னும் காதில் வைத்திருந்தார். "இறங்குது மிஸ்! எண்கள் இறங்குது!" அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னேன், அவரும் அதையே திருப்பிச் சொன்னார். பத்தாம் நாள் ஷெரோன் வீட்டுக்குப் போனாள். அந்தப் பாடுபடுத்திய மேல் பற்கள் இரண்டும் வார்ட்டில் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டன.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியதுதான், ரிஸ்னா, நீ கேட்ட தண்ணீர் இழுக்கும் வழக்கம். எங்கேயோ தேடி, அளவு கோடு போட்ட சிரிஞ்சுகள் ஒரு பெட்டி டொக்டர் கொண்டுவந்தார். லேபலில் மருந்தின் கடுமையையும் எழுதினோம். "இந்தப் போத்தலுக்கு மட்டும்" என்ற மூன்று சொல்லையும் சேர்த்தோம். முதல் நாளே சனம் கொதித்தது. "மருந்து தாறதா, பள்ளிக்கூடம் நடத்துறதா?" என்று ஒருவர் கத்தினார். டொக்டர் தன் அறையை விட்டு வந்து யன்னலில் என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம், அந்தக் கிழமை முழுக்க. நான் லேபல் எழுத, அவர் போத்தலில் ஊற்றினார். கத்திய மனிதரின் பெண்சாதி தண்ணீரை இழுத்தாள். இரண்டரை இழுக்கச் சொன்னதற்கு ஐந்து இழுத்தாள். டொக்டர் அந்தச் சிரிஞ்சை அவரிடம் காட்டினார். அவர் பிறகு கத்தவில்லை.

மேலிடத்திலிருந்து அப்போதும் ஒரு கடிதம் வந்தது. டொக்டர் இரண்டு வரியில் பதில் எழுதினார்: வரிசை நீளம் என்பது உண்மை, இந்தக் கிழமை பிழையாக இழுத்த தாய்மார் இத்தனை பேர், பெயர் விபரம் இணைப்பில். நீயும் அப்படியே எழுது, மகள். யன்னலில் பிழையாக இழுக்கிறவர்களை ஒரு கிழமைக்குக் குறித்துவைத்து அனுப்பு.

டொக்டர் நிலந்தி இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனார். தாய்மார் யன்னலில் நின்று அழுதார்கள். ஜெசிந்தா பொரித்த இறால் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்னொரு நாளும் இருக்கிறது. டொக்டர் போய் ஒரு வருடம் இருக்கும். கிளினிக்குக்கு ஜெசிந்தா தன் இரண்டாவது பிள்ளையோடு வந்தாள். ஏழு மாதப் பையன். முரசு சிவந்து வீங்கி, எச்சில் வடிந்து, கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது. காய்ச்சல் இல்லை, காது தொண்டை எல்லாம் சுத்தம் என்று புது டொக்டர் பார்த்துவிட்டுப் பாணி எழுதியிருந்தார். ஆனால் ஜெசிந்தா மருந்து எடுக்காமல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன்.

"வேணாம் மிஸ். ரெண்டு நாளாத் துணி கடிக்கக் குடுத்துப் பாத்திட்டன். மருந்து குடுக்க எனக்குக் கை வருதில்ல. அழட்டும்."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிள்ளைக்கு நோகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இப்படியான நேரத்தில் டொக்டர் நிலந்தி என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அவளை மருந்தறைக்குள் கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, நான் அந்தப் பலகைப் பெட்டியில் இருந்தேன்.

"குடுக்காட்டியும் பரவால்ல" என்றேன். "இழுத்து மட்டும் பாப்பம்."

துண்டில் நாலு மில்லி என்று இருந்தது. போத்தலின் கடுமையை அவளே வாசித்தாள். ஒரு தரம் மனதுக்குள், ஒரு தரம் வாய்விட்டு. பிள்ளையின் நிறையைக் கிளினிக் கொப்பியில் பார்த்தாள். போத்தலுக்குள் சிரிஞ்சை விட்டு மருந்தை இழுத்தாள். காற்றுக் குமிழி வந்தது. தட்டி வெளியே விட்டாள். திரும்ப இழுத்தாள். கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தாள்.

"நாலு" என்றாள்.

நானும் பார்த்தேன். "ஓம். நாலு."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை நெஞ்சில் சாய்த்து, கன்னத்தின் உட்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிள்ளை நக்கி விழுங்கியது. நேரத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதினாள்.

வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வாங்கில் இருந்துகொண்டாள். நான் மருந்து கொடுத்துக்கொண்டே யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அழுகை விக்கலாகி, விக்கலும் நின்று, பிள்ளை அவள் தோளில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டது. ஜெசிந்தா அசையவே இல்லை. முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"இவ்வளவுதானா மிஸ்?" என்று என்னைப் பார்த்து வாயசைத்துக் கேட்டாள். "ஒரு நோவு அடங்க இவ்வளவுதானா வேணும்?"

பக்கத்தில் ஷெரோன் இருந்தாள். நாலு வயது. காலை ஆட்டிக்கொண்டு ஒரு கட்டி பிஸ்கட்டைப் பல் முழுவதும் தெரியக் கறுக்கு முறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள். தம்பி எழும்பிவிடப் போகிறானே என்று ஜெசிந்தா உதட்டில் விரலை வைத்தாள். ஷெரோன் கொஞ்ச நேரம் மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு கடி கடித்தாள்.